பம்ப் ஓடுகிறது, தண்ணீர் ஓடவில்லை

வாசகர் கடிதம்:

"ஐயா, என்னுடைய 2 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் இருந்த காற்றால் குளிரும் இன்டர்கூலரை (டர்போ சூடாக்கி அனுப்பும் காற்றைக் குளிரவைப்பது) கழற்றிவிட்டு, தண்ணீரால் குளிரும் செட் ஒன்றை நானே மாட்டினேன். 19 மி.மீ. ஹோஸ், மொத்தம் 5 மீட்டர் ஆனது. மேலே இடம் கிடைக்காததால் டேங்கைப் பம்பர் மூலையில் பொருத்தினேன். இன்டர்கூலரைவிட ஒரு சாண் கீழே இருக்கிறது. குழாய்த் தண்ணீரோடு கையிலிருந்த இரண்டு வகைக் கூலன்ட்டையும் கலந்து ஊற்றினேன். 3 லிட்டரில் நிரம்பிவிட்டது. பம்பை ஓடவிட்டால் டேங்கில் லெவல் இரண்டு விரல் இறங்குகிறது. நிறுத்தினால் திரும்ப ஏறுகிறது, சில சமயம் வழிகிறது. 'களக் களக்' என்று சத்தமும் வருகிறது. முதல் தடவை முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது உள்ளே போகும் காற்றின் வெப்பம் 40 டிகிரியில் நிற்கிறது. அடுத்தடுத்துக் கொடுத்தால் மூன்றாவது தடவையில் 75ஐத் தொடுகிறது. பெரிய பம்ப் வாங்கலாமா, அல்லது முன்பக்க ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டுமா? ஏர் எடுக்க இன்ஜினை எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?"

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

பம்பையும் மாற்ற வேண்டாம், ரேடியேட்டரையும் மாற்ற வேண்டாம். உங்கள் சிஸ்டத்துக்குள் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. பார்க்காமலே எப்படிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் எழுதிய கணக்கிலேயே அது இருக்கிறது.

19 மி.மீ. ஹோஸ் ஒரு மீட்டருக்கு 0.28 லிட்டர் பிடிக்கும். 5 மீட்டருக்கு 1.4 லிட்டர். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய செட் தாளில் ரேடியேட்டர் 1.2 லிட்டர், இன்டர்கூலரின் தண்ணீர்ப் பக்கம் 0.6 லிட்டர் என்று இருக்கிறது. டேங்கில் கோடு வரைக்கும் 1 லிட்டர். கூட்டினால் 4.2 லிட்டர். நீங்கள் ஊற்றியது 3. மீதி 1.2 லிட்டர் இடத்தில் தண்ணீர் இல்லை என்றால் அங்கே இருப்பது காற்றுதான். இந்த வேலையை எடுக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, ஊற்றும் முன் கொள்ளளவைக் கூட்டி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஊற்றும்போது அளந்து ஊற்றுங்கள் என்பதுதான். டேங்க் நிரம்பியதை வைத்து சிஸ்டம் நிரம்பியது என்று முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது சாட்சி, ஏறி இறங்கும் லெவல். தண்ணீர் அழுத்தினால் சுருங்காது. முழுக்க நிரம்பிய சிஸ்டத்தில் பம்பைப் போட்டாலும் நிறுத்தினாலும் டேங்கில் லெவல் அப்படியே நிற்க வேண்டும். சிலிக்கான் ஹோஸ் லேசாக உப்பும், அதனால் ஒரு நூல் அளவு அசைந்தால் குற்றமில்லை. இரண்டு விரல் இறங்குகிறது என்றால் உள்ளே சுருங்கக்கூடியது ஏதோ இருக்கிறது. 1.2 லிட்டர் காற்றின் மேல் பம்ப் 0.2 பார் அழுத்தம் ஏற்றினால் அது 1 லிட்டராகச் சுருங்கும். அந்த 200 மில்லி டேங்கிலிருந்துதான் போகும். போதாததற்கு, காலியாகக் கிடக்கும் இன்டர்கூலருக்குள் பம்ப் கொஞ்சம் தண்ணீரைத் தூக்கி விடுகிறது. பம்ப் நின்றதும் அது கீழே இருக்கும் டேங்குக்கே வடிகிறது. வழிகிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் அதுதான்.

முதல் தடவை 40, மூன்றாவது தடவை 75 என்பதும் இதோடு சரியாகப் பொருந்துகிறது. முதல் தடவை வரும் சூட்டை இன்டர்கூலரின் அலுமினியமும் அதற்குள் கிடக்கும் கொஞ்சத் தண்ணீரும் வாங்கிக்கொள்கின்றன. வாங்கிய சூட்டை முன்னால் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகத் தண்ணீர் ஓட வேண்டும், அது நடக்கவில்லை. உங்கள் மாதிரி இன்ஜின் முழு வேகத்தில் நொடிக்கு 0.2 கிலோ காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை 60 டிகிரி குளிரவைக்க 12 கிலோவாட் சூட்டை எடுக்க வேண்டும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீர் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால், அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு அது 10 டிகிரிதான் ஏறும். 5 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 40 டிகிரி ஏறும். 40 டிகிரி ஏறிய தண்ணீர் காற்றை எப்படிக் குளிரவைக்கும்? இதில் பெரிய ரேடியேட்டர் மாட்டினால், அதற்குள்ளும் தண்ணீர் ஓடாமல் நிற்கும், அவ்வளவே.

இனி பம்ப். நம்மில் பலர் பம்ப் என்றால் உறிஞ்சும் என்று நினைக்கிறோம். கிணற்று மோட்டாருக்கே முதலில் தண்ணீர் ஊற்றித்தான் ஓடவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. காரில் வந்ததும் மறந்துவிடுகிறோம். இந்த 12 வோல்ட் பம்புகளும் அதே ஜாதிதான். உள்ளே ஒரு சின்னச் சக்கரம் தண்ணீரைச் சுழற்றி வெளியே தள்ளுகிறது. தண்ணீர் தானாக அதன் வாயில் வந்து நின்றால்தான் தள்ள முடியும். காற்று வந்தால் சக்கரம் வெறுமனே சுற்றும். பெரும்பாலான இந்த வகைப் பம்புகளில் சக்கரத்தின் தண்டுக்கு எண்ணெயும் கிரீஸும் கிடையாது, ஓடும் கூலன்ட்தான் அதற்கு மசகு.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வாடிக்கையாளரின் வண்டியில். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு செட் மாட்டி, டேங்கை நிரப்பி, பம்பைப் போட்டேன். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. "ஓடிக்கொண்டே இருந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும்" என்று நினைத்து வேறு வண்டிக்குப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்து வந்து தொட்டால் பம்ப் கையைச் சுட்டது. டேங்கில் ஒரு சொட்டுக்கூட நகரவில்லை. பிரித்துப் பார்த்தபோது தண்டு உராய்ந்த இடம் கறுத்து, அதைச் சுற்றி உருகிய பிளாஸ்டிக் ஒரு வளையம் போல ஒட்டியிருந்தது. வண்டிக்காரரிடம் உள்ளதைச் சொல்லி, என் செலவில் புதுப் பம்ப் வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து ஏர் எடுத்து முடிக்கும் வரை பம்பின் சுவிட்சை விட்டுக் கை எடுப்பதில்லை. உங்கள் பம்பும் இவ்வளவு நாள் அரைகுறைத் தண்ணீரில் ஓடியிருக்கிறது. சரியாக நிரப்பிய பிறகும் அது கரகரத்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். காற்றைப் பம்ப் துரத்தாது. காற்று தானாக மேலே ஏறும். ஏறிப் போக வழி வைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை. அந்த வழி ஊற்றும்போது வருவதில்லை, மாட்டும்போதே வர வேண்டும். உங்கள் வண்டியில் மூன்று இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது.

முதலாவதும் பெரியதும் டேங்க். ஒரு சாண் கீழே இருக்கும் டேங்கில் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் தன் மட்டத்துக்கு மேல் ஏறி இன்டர்கூலருக்குள் போகாது. அந்த 0.6 லிட்டர் இடம் முழுக்கக் காற்று என்றே வைத்துக்கொள்ளலாம். டேங்கின் அடிப்பாகம் இன்டர்கூலரின் தலைக்கு மேலே வரும்படி தூக்கிப் பொருத்துங்கள். பேனட் இடிக்குமா என்று சந்தேகமாக இருந்தால், வைக்கப்போகும் இடத்தில் ஈரக் களிமண் உருண்டை ஒன்றை வைத்து பேனட்டை மெதுவாக மூடித் திறங்கள். உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதில் இடைவெளி தெரிந்துவிடும். சின்ன டேங்காக இருந்தாலும் பரவாயில்லை, உயரத்தில் இருப்பதுதான் முக்கியம். தண்ணீர் திரும்பி வரும் குழாய் டேங்கில் லெவலுக்குக் கீழே நுழைய வேண்டும். மேலிருந்து அருவி மாதிரி விழுந்தால் அதுவே காற்றைக் கலந்து மறுபடி பம்புக்கு அனுப்பும்.

எப்படிப் பார்த்தாலும் மேலே இடமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. இன்டர்கூலரிலிருந்து வெளிவரும் ஹோஸில், சிஸ்டத்திலேயே மிக உயர்ந்த இடத்தில், மூடியோடு கூடிய ஊற்றுவாய் ஒன்றைப் பொருத்துங்கள். கீழே இருக்கும் டேங்கை விளிம்பு வரை நிரப்பிக் காற்றுப் புகாத மூடியால் அடைத்துவிட்டு, மீதியை மேலே உள்ள வாய் வழியாக நிரப்ப வேண்டும். அதன் பிறகு கீழ் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் மேலே உள்ள தண்ணீர் எல்லாம் கீழே வந்து கொட்டும். டேங்கைத் தூக்கி வைக்கும் வழியைத்தான் நான் விரும்புவேன். ஓடும்போது புதிதாகச் சேரும் குமிழிகள் தாமாகவே ஏறி வெளியே போய்விடும், நீங்கள் நினைவு வைத்துத் திறந்து விட வேண்டியதில்லை.

இரண்டாவது, முன்பக்க ரேடியேட்டர். நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன், ஹோஸ் நீளம் போதாமல் தண்ணீர் மேல் வாயில் நுழைந்து கீழ் வாயில் வெளியேறும்படி கொடுத்திருக்கிறீர்கள். ஏற விரும்பும் காற்றைத் தண்ணீர் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மேல் மூலையில் அது அப்படியே தங்கிவிடும். மாற்றுங்கள்: கீழே நுழையட்டும், மேலே வெளியேறட்டும். தண்ணீர் போகும் திசையும் காற்று ஏறும் திசையும் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது, சஸ்பென்ஷன் டவருக்கு மேலே வளைத்து எடுத்திருக்கும் ஹோஸ். கவிழ்த்த 'ப' மாதிரி நிற்கிறது. அதன் முதுகில் காற்று உட்கார்ந்துகொள்ளும். டவருக்குப் பக்கவாட்டில் இறக்கிக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அந்த வளைவின் உச்சியில் காற்றை வெளியே விடும் திருகு, அதாவது ஒரு ப்ளீட் ஸ்க்ரூ, வையுங்கள்.

பம்ப் எல்லாவற்றுக்கும் கீழே, டேங்கிலிருந்து வரும் ஹோஸ் நேராக இறங்கி அதன் வாயில் விழும்படி இருக்கட்டும். நடுவிலிருக்கும் வாய் உள்ளே வருவதற்கு, ஓரத்தில் இருப்பது வெளியே போவதற்கு. மாற்றி மாட்டி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே போகும் வாய் மேல்நோக்கி இருந்தால் பம்பின் வயிற்றில் காற்று நிற்காது. தண்ணீர் போகும் வரிசை டேங்க், பம்ப், ரேடியேட்டர், இன்டர்கூலர், திரும்ப டேங்க் என்று இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் நேராக இன்டர்கூலருக்குப் போகும்.

இதெல்லாம் முடிந்தபின் பழையதை முழுக்க வடித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பும் குளோரைடும் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும்; மெல்லிய தகடுகளால் ஆன இன்டர்கூலருக்கு ஒரு புள்ளி போதும். இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலந்ததும் தவறு. நிறம் ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்றாகிவிடாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிகள் சேர்க்கும் சாயம்தான். ஒத்துப்போகாதவை கலந்தால் அரிப்பைத் தடுக்கும் சக்தி குறையும், சில நேரம் கூழாகத் திரளும். டிஸ்டில்ட் வாட்டரால், வடிவது தெளிவாகும் வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பிறகு அலுமினியத்துக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் ஒரே வகைக் கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். கலந்தே விற்பதை வாங்கினால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெறும் தண்ணீரைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவாகச் சூட்டைச் சுமக்கும் என்பது உண்மைதான். அதற்காக வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உறையாத ஊராக இருந்தாலும் துரு தடுக்கவும் பம்பின் தண்டுக்கு வழவழப்புக்கும் கூலன்ட் வேண்டும்.

இனி ஊற்றுவது. இதில் அவசரப்படாதீர்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இன்ஜினை ஓடவிட வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் கேட்ட "எவ்வளவு நேரம்" என்பதற்குப் பதில் இதுதான்: ஒரு நிமிடம்கூட வேண்டாம். மெயின் ரேடியேட்டரில் ஏர் எடுக்கும்போது தெர்மோஸ்டாட் திறக்க இன்ஜினைச் சூடாக்குகிறோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் செய்கிறார்கள். உங்கள் சர்க்யூட்டில் தெர்மோஸ்டாட் கிடையாது, இன்ஜின் தண்ணீரோடு தொடர்பும் கிடையாது. பம்புக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட வயர் ஒன்றையும் கையால் அமுக்கும் சுவிட்ச் ஒன்றையும் தற்காலிகமாகக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும் வாய் இருக்கும் பக்கத்தை உயர்த்துங்கள். முன்பக்கமாக இருந்தால் முன் சக்கரங்கள் ஒரு சாண் மேலே இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். உயரத்தில் இருக்கும் ப்ளீட் ஸ்க்ரூக்களை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். சின்னப் புனலால் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் தண்ணீர் கீழே போகிற வழியிலேயே காற்று மேலே வர வேண்டியிருக்கும், இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். அரை லிட்டருக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸை உள்ளங்கையில் பிடித்து நன்றாக அமுக்கி, மெதுவாக விடுங்கள். பசுவின் மடியில் பால் கறப்பது போல மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். கையில் கனமாக இருந்த ஹோஸுக்குள் திடீரென்று ஒரு இடம் லேசாகும், அங்கே குமிழி நிற்கிறது. அமுக்க அமுக்க அது விரலுக்கடியில் நழுவி ஏறி, டேங்கில் 'பொளக்' என்று வெடிக்கும். லெவல் உடனே இறங்கும். அதுதான் நாம் தேடுவது. இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், வரும் ஹோஸ் இரண்டையும் இப்படியே கறந்து விடுங்கள்.

ப்ளீட் ஸ்க்ரூவில் கண்ணை வையுங்கள். முதலில் வெறும் சீற்றம். பிறகு துப்புவது போலத் தெறிக்கும். அடுத்து பாலில் நுரை கலந்த மாதிரி வெண்மையாக வரும். இங்கேதான் பலர் "தண்ணீர் வந்துவிட்டது" என்று முறுக்கிவிடுகிறார்கள். பொறுங்கள். நுரை தீர்ந்து, கண்ணாடிக் கம்பி மாதிரி அறுபடாமல் வந்தபின் மூடுங்கள். அடியில் துணியும் கிண்ணமும் வைக்க மறக்காதீர்கள்.

இப்போதுதான் பம்ப். சுவிட்சை ஐந்து நொடி அமுக்கி விடுங்கள், பதினைந்து நொடி சும்மா இருங்கள். ஓடும்போது குமிழிகள் சிதறிச் சின்னதாகிவிடும், நிற்கும்போதுதான் ஒன்று சேர்ந்து மேலே ஏறும். அதனால் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் டேங்க் லெவலைப் பார்த்து ஊற்றிக்கொண்டே வாருங்கள், குழாயின் வாய் வெளியே தெரியும் அளவுக்கு இறங்க விடாதீர்கள். இருபது முப்பது தடவைக்குள் சத்தம் மாறும். கரகரவென்று இருந்தது அடங்கி, கையை வைத்தால் மட்டும் தெரியும் மெல்லிய அதிர்வாகிவிடும். அதன்பின் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டு, ஸ்க்ரூக்களை இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். ஊற்றிய அளவைக் கூட்டுங்கள். ஹோஸ் நீளம் மாறியிருந்தால் கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். 4.2 வர வேண்டிய இடத்தில் 4.1 வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 3.7 என்றால் வேலை முடியவில்லை.

கம்ப்ரெசர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் வெற்றிடம் வைத்து நிரப்பும் கருவி இருந்தால் வேலை பாதியாகும். டேங்க் வாயில் அதை மாட்டி உள்ளிருக்கும் காற்றை மைனஸ் 0.9 பார் வரை உறிஞ்சி, வால்வை மூடி ஐந்து நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் அசையாவிட்டால் கசிவு இல்லை. ஊற்றும் முன்பே இது தெரிவது பெரிய லாபம். ஹோஸ்கள் சப்பையாகிவிடும், பயப்பட வேண்டாம், திரும்பிவிடும். பிறகு வால்வைத் திறந்தால் வாளியிலிருந்து கூலன்ட்டைத் தானே இழுத்துக்கொள்ளும். வாளியில் கணக்குக்கு மேல் ஒரு லிட்டர் கூடுதலாக இருக்கட்டும். நடுவில் தீர்ந்து காற்றை இழுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் இந்த முறையிலும் ஏர் முழுக்கப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மைனஸ் 0.9 என்றால் பத்தில் ஒரு பங்கு காற்று உள்ளேயே இருக்கிறது. உங்கள் சிஸ்டத்தில் அது 0.4 லிட்டர். டேங்க் மேலே இருந்தால் அது டேங்கில் வந்து நிற்கும், தொல்லை இல்லை. கீழே இருந்தால் மறுபடி இன்டர்கூலரில்தான் போய் உட்காரும். எந்தக் கருவி வந்தாலும் டேங்கின் உயரம்தான் கடைசியில் பேசும்.

தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் கம்பெனியிலிருந்தே வந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1994இல் வந்த டொயோட்டா செலிகா எஸ்டி205 முதல், இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இன்டர்கூலரை வைத்திருக்கும் இன்றைய பிஎம்டபிள்யூ பி58 இன்ஜின் வரை இந்த ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு. சில வண்டிகளில் இந்த சர்க்யூட்டும் இன்ஜின் தண்ணீரும் ஒரே டேங்கைப் பங்குபோட்டுக்கொள்ளும். பம்பைக் கம்ப்யூட்டர் ஓட்டும், ஏர் எடுக்கத் தனி முறையே இருக்கும். அந்த வண்டிகளில் நான் மேலே சொன்ன சுவிட்ச் வேலையைச் செய்யாமல், அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் வரிசையில் ஸ்கேன் டூலை வைத்துச் செய்யுங்கள். பேட்டரிக்குச் சார்ஜர் கொடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

உங்கள் வண்டிக்குத் திரும்புவோம். நிரப்பி முடித்து, மூடி போட்டு, அரை மணி நேரம் நிதானமாக ஓட்டுங்கள். அன்றே மூடியைத் திறக்காதீர்கள். இரவு முழுக்க ஆறட்டும். மறுநாள் காலையில் லெவல் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்த்தால் பிறகு நின்றுவிடும். சூடேறி ஆறியதில் சிலிக்கான் ஹோஸ் கொஞ்சம் படிந்திருக்கும், எல்லாக் கிளாம்ப்பையும் ஒரு சுற்றுப் பாருங்கள். சிலிக்கானுக்குப் பல்லுள்ள சாதாரண கிளாம்ப் வேண்டாம், அந்தப் பல்லின் இடுக்கில் ஹோஸ் அறுபடும். உள்பக்கம் வழவழப்பான தகடு வைத்த கிளாம்ப் போடுங்கள். கடைசியில் மூடியைத் திறந்து வைத்து, நீங்கள் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள்: பம்பைப் போடுங்கள், நிறுத்துங்கள். லெவல் அசையாமல் நின்றால் ஏர் இல்லை.

ஒரு வாரம் ஆகியும் குமிழி வந்துகொண்டே இருந்தால் அது பழைய காற்று அல்ல, எங்கிருந்தோ புதிதாக நுழைகிறது. இரண்டு இடம் பார்க்க வேண்டும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள கிளாம்ப் தளர்ந்திருந்தால், பம்ப் ஓடும்போது அங்கிருந்து காற்றை உள்ளே இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, அதனால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. இன்னொன்று கவலைக்குரியது. இன்டர்கூலரின் உள்ளேயே ஓட்டை இருந்தால், டர்போ பூஸ்ட் ஏறும்போது அழுத்தமான காற்று தண்ணீருக்குள் புகும். அடையாளம் எளிது: நிதானமாக ஓட்டிய நாளில் டேங்க் அமைதியாக இருக்கும், அடித்து ஓட்டிய நாளில் மட்டும் பொங்கி வழியும். தண்ணீர்ப் பக்கத்தைத் தனியாக அடைத்து, டேங்க் மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்தைக் கைப்பம்பால் ஏற்றிக் கால் மணி நேரம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால், வெளியே எங்கும் ஈரம் இல்லாவிட்டால், ஓட்டை உள்ளேதான்.

அப்படி இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். பூஸ்ட் இருக்கும்போது காற்று தண்ணீருக்குள் போகும். இன்ஜினை நிறுத்திய பிறகு, சூட்டில் அழுத்தம் ஏறி நிற்கும் தண்ணீர் அதே ஓட்டை வழியாக இன்டேக்குக்குள் இறங்கும். காலையில் சாவியைத் திருகினால் சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். லெவல் குறைந்திருக்கிறது, ஒழுகிய அடையாளம் இல்லை என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள்.

சோதனைகள் எல்லாம் சரியாக வந்தபின் அதே சாலையில் மறுபடி மூன்று தடவை ஓட்டி, மூன்று வெப்பத்தையும் எனக்கு எழுதுங்கள். அப்போதும் மூன்றாவது தடவை ஏறினால் பம்பைப் பற்றியும் ரேடியேட்டர் அளவைப் பற்றியும் பேசலாம்.

வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்க வேண்டாம். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைப்பார்கள், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. மூடியுள்ள கேனில் ஊற்றி, கேன் மேல் பெயரெழுதி, பழைய ஆயில் எடுத்துக்கொள்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஊற்றி முடித்த அன்றே, ஓட்டிப் பார்க்கும் முன், தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, துணியையும் கிண்ணத்தையும் எடுத்து வைத்த பிறகு வண்டியைக் கீழே இறக்குங்கள்.